வேலணையில் முற்றம் கூட்டும் நேரம்

இரண்டு பேர் போவதாக இருந்த பயணம். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது தோழியின் மகளுக்கு நாள் குறித்ததற்கு முன்பே வலி வந்துவிட்டது. "நீ போய்ட்டு வா, போட்டோ அனுப்பு" என்றாள். ஐம்பத்து மூன்று வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு கடலோரத்தில் பத்து நாள் சும்மா கிடப்பது என்பதே அவளுடைய யோசனைதான். நான் சேலத்துக்காரி. கடல் என்றால் எனக்கு ஒரு ராத்திரிப் பேருந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சங்கதி. கல்லூரி நூலகத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து தனியாகவே கிளம்பினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்குப் போகும் பஸ், ஊரைத் தாண்டியதுமே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் அளவு தண்ணீர், நடுவில் கயிறு போட்டாற்போல் சாலை. தண்ணீரில் குச்சிகளை நட்டு மீனுக்கு வலைப்பொறி கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு குச்சியிலும் ஒரு பறவை. அல்லைப்பிட்டி மாதாகோயில் வந்தபோது பக்கத்து இருக்கைப் பெண் சிலுவை போட்டுக்கொண்டு, கோயில் பின்னால் போகும்வரை மடியைப் பார்த்தபடியே இருந்தாள். போரின்போது அங்கே தஞ்சம் புகுந்தவர்கள் குண்டில் செத்ததை எங்கோ படித்திருந்தேன், அதனால் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவள்தான் கேட்டாள்.

"தனியவோ வந்தனீங்கள்?"

அடுத்த பத்து நாளும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு வேலை என்று அப்போது தெரியாது. ஆமாம் என்றேன். "ஒருத்தருமே இல்லாமலோ?" என்று மறுபடி கேட்டாள். பஸ்ஸில் என்னைச் சுற்றி நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

நான் தங்கிய வீடு, சாட்டிக் கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. சொந்தக்காரர் கனடாவில். அந்தத் தெருவில் பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் கனடாவிலோ பாரிஸிலோதான் இருக்கிறார்கள். பெரிய வீடுகள், பளபளக்கும் கேற்று, உள்ளே ஒரு காக்கை. சந்தியில் கடை வைத்திருக்கும் குணம் அண்ணைதான் இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். "இந்தாங்கோ திறப்பு" என்று சாவியைக் கொடுத்தார். "வீட்டில ஒரே ஒரு திறப்புத்தான் இருக்கு, துலைச்சுப்போடாதையுங்கோ" என்றார். பிறகு, "தனியவோ?" என்றார்.

புது வீடு. மூன்று படுக்கையறை, உட்கார்ந்தால் அமுங்குகிற கதிரைகள், யாரும் சமைக்காத குசினி. ஒரு பக்கம் ஆளுயர மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு ஒன்று தெரிந்தது. முற்றம் மட்டும் பூட்டிக் கிடந்த வீட்டு முற்றம் மாதிரி இல்லை. மணலில் விளக்குமாற்றின் கோடுகள் வரிசையாக இருந்தன, அதன்மேல் என் செருப்புத் தடம்தான் முதல் தடம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சரக், சரக் என்ற சத்தத்தில் எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். சேலையை இழுத்துச் செருகி, குனிந்து, கேற்றிலிருந்து வீட்டு வாசல்வரை ஒரு கோடு, திரும்ப ஒரு கோடு. வெளியே வந்து வணக்கம் சொன்னேன். தலையை ஆட்டினார். கூட்டி முடித்ததும் செவ்வரத்தம்பூ நாலு பறித்துக்கொண்டு கேற்றைச் சாத்திவிட்டுத் தெருவைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குள் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. குணம் அண்ணை வேலைக்கு வைத்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முற்றத்தில் மாங்காய் ஒன்று விழுந்து கிடந்தது. படியில் உட்கார்ந்து தோலைச் சீவ ஆரம்பித்தேன். அப்போது சுவர் பேசியது.

"தங்கச்சி, அந்தக் காய் புளிக்கும். மற்ற மரத்துக் காய்தான் நல்லது."

கத்தியும் மாங்காயும் இரண்டு பக்கமாக உருண்டன. நிமிர்ந்து பார்த்தால், வாசலுக்கு மேலே முட்டை அளவில் ஒரு கமரா.

"பயப்பிடாதையுங்கோ. நான் சிவராசா. வீட்டுக்காரன். கனடாவிலயிருந்து கதைக்கிறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏங்க, ஒரு பொம்பளை தனியா தங்கியிருக்கிற வீட்ல இப்படித்தான் திடீர்னு பேசுவீங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். சேலத்து வீட்டில் எதற்குப் பயந்தேனோ அது இங்கே ஒரே நாளில் நடந்துவிட்டது.

"பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றது சுவர். "கமரா முத்தத்தையும் கேற்றையும் மட்டும்தான் பாக்கும். வீட்டுக்குள்ள ஒண்டும் இல்லை. இனிக் கதைக்க முன்னம் இருமுறன்."

சொன்னபடியே அடுத்த நாளிலிருந்து இருமிவிட்டுத்தான் பேசினார். எனக்குக் கோபம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அந்த இருமலுக்காகவே காலையில் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு படிக்கு வர ஆரம்பித்தேன். வேறு யாரும் என்னிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை.

சாட்டிக் கடற்கரை வார நாளில் காலியாகக் கிடந்தது. அலை என்று ஒன்று கிடையாது. உள்ளே நடந்துகொண்டே இருக்கலாம், தண்ணீர் இடுப்புக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். மெரினா மாதிரிச் சுண்டல், பட்டம், குதிரை எதுவும் இல்லை. தென்னங்கீற்றுப் போட்ட கொட்டில்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றில் படுத்து, கொண்டுவந்த நாவலை இருபது பக்கம் படித்தேன். எழுந்து குளித்தேன். மறுபடி இருபது பக்கம். சும்மா இருப்பதற்கும் பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு பதிவேடாவது கிடைத்து, அதில் புத்தகங்களின் எண்களை வரிசைப்படுத்தினால் தேவலை என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை கூட்டும் அம்மாள் போனபின் இருமல் கேட்டது.

"அக்கா போயிட்டாவோ?"

"எந்த அக்கா?"

"இப்ப கூட்டிப்போட்டுப் போனவ. பூமணி. என்ரை அக்கா."

நான் கமராவைப் பார்த்தேன். வேலைக்காரி என்று நினைத்ததற்கு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "உங்க அக்காவா? அவங்க இருக்கும்போதே பேசியிருக்கலாமே."

மறுபடி ஒருமுறை இருமினார். பிறகு சொன்னார். பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சிவராசாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். இனி விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த வீட்டைக் கட்டியவர் இதில் மொத்தம் தூங்கியது பதினாறு இரவுகள். இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. அக்கா கூட்டி முடிக்கும்வரை பார்ப்பார், பிறகு படுப்பார்.

"அவவுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லப்படாது, தங்கச்சி. எனக்கு வருத்தம், உடம்புக்கு ஏலாது எண்டு தெரிஞ்சால் இரக்கத்தில கதைப்பா. எனக்கு இரக்கம் வேண்டாம்."

"வேற என்ன வேணும்?"

"அவ தானாக் கதைக்கவேணும்" என்றார். "அதுக்குள்ள எனக்கு ஏதும் ஆகாமல் இருக்கவேணும்."

சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அன்று பகல் முழுக்கக் கடலில் கிடந்தும் மனசு அதிலேயே நின்றது. சாயங்காலம் திரும்பும்போது பூமணி அக்கா தன் வீட்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவரே கூப்பிட்டார். "என்ன சாப்பிடுறனீர் அங்கை? பிஸ்கற்றோ?" பிஸ்கட்தான். "வாரும்" என்றார்.

அவருடைய குசினியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, குழல் புட்டும் பாரை மீன் குழம்பும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் புட்டு என்றால் எப்போதாவது சர்க்கரை போட்டுத் தின்கிற பண்டம். இங்கே அது ஒரு தினசரிக் கடமை. குழம்பில் இருந்த உறைப்புக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பார்த்துவிட்டு ஒரு கரண்டி சொதி ஊற்றினார், தேங்காய்ப்பாலில் அது கொஞ்சம் அடங்கியது. கணவர் இறந்து ஏழு வருஷம். மகள் கொழும்பில். நான் பேசுவது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. "நீர் சீரியலிலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீர்" என்றார்.

தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "தம்பியோட பேச்சு இல்லன்னா, அவர் முற்றத்தை ஏங்க்கா தினமும் கூட்டுறீங்க?"

"முத்தம் அம்மான்ரை. வீடுதான் அவன்ரை. அந்த வீட்டுக்குள்ளை நான் ஒருநாளும் கால் வைக்கேல்லை."

பிறகு கதை முழுதும் வந்தது. தாயின் காணியை இரண்டாகப் பிரித்து, ஓட்டு வீடும் ஒரு பாதியும் அக்காவுக்குச் சீதனமாகப் போனது. மறுபாதி தம்பிக்கு. நடுவில் பூவரசங்கம்பு நட்டு, பனையோலை கட்டிய வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. பொட்டு என்றால் ஆள் குனிந்து போகிற அளவுக்கு வேலியில் விட்டுவைக்கிற இடைவெளி. கறி கொடுக்க, நெருப்பு வாங்க, பேச, எல்லாம் அதன் வழிதான். வருஷா வருஷம் ஓலை மாற்றி வேலி அடைப்பார்கள். தம்பி கனடா போனபின் அடைத்தது அக்காவின் கணவர். வீடு கட்டும்போது தம்பி அங்கிருந்தே ஆளனுப்பி அளந்து பார்த்தார். வேலி ஒன்றரை அடி தன் பக்கம் வந்திருப்பதாகச் சொல்லி, பழைய கோட்டில் மதிலை எழுப்பிவிட்டார்.

"இந்த மனிசன் வருசம் வருசம் வேலியை அரக்கி அரக்கித் தள்ளிக்கொண்டு வந்தவராம். அப்பிடித்தான் போன்ல சொன்னவன். என்ரை மனிசனைக் கள்ளன் எண்டவன்." அக்கா கையைக் கழுவிக்கொண்டார். "செத்தவீட்டுக்கும் ஒரு போன் கோல் இல்லை. இப்ப கமரா பூட்டி வைச்சிருக்கிறான், நான் மதிலை இடிச்சுப்போடுவன் எண்டு. பாக்கட்டும். அதுக்காகத்தான் அதுக்கு முன்னாலை நிண்டு கூட்டுறனான். ஆர் கள்ளர் எண்டு வடிவாப் பாக்கட்டும்."

அங்கே ஒருவர் அக்காவைப் பார்க்காமல் படுப்பதில்லை. இங்கே ஒருவர் அதை வேவு என்று நினைத்துக் கோடு கோடாகக் கூட்டிக் காட்டுகிறார். நான் வாயைத் திறந்தால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகும் விஷயம். ஆனால் சொல்ல மாட்டேன் என்று காலையில்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் புட்டு" என்று மட்டும் கேட்டேன்.

நாலாம் நாள் நயினாதீவு போனேன். குறிகட்டுவான் துறையிலிருந்து இருபது நிமிஷப் படகு. உள்ளே மூட்டைமாதிரி அடைத்துக்கொண்டு தெற்கிலிருந்து வந்த சிங்கள யாத்திரிகர்கள், அவர்கள் விகாரைக்கு. நாங்கள் அம்மன் கோயிலுக்கு. என் முழங்கால் மேல் முழங்கால் இடித்தபடி உட்கார்ந்திருந்த வெள்ளைச் சேலைப் பெண் என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த அவர் மருமகள் தனக்குத் தெரிந்த தமிழில் மாற்றிச் சொன்னாள்: "அம்மா கேக்கிறாங்க, நீங்க மட்டுமா, வேற யாரும் இல்லையா." இரண்டு மொழியிலும் இதே கேள்விதான். ஆமாம் என்றதும் அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சிங்களம் தெரியவில்லை.

கோயிலில் அன்னதானம். வரிசையாக உட்காரவைத்து இலை போட்டார்கள். எனக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இருவரும் உறவுக்காரர்கள். என் இலைக்கு மேலேயே அப்பளமும் பேச்சும் போய் வந்துகொண்டிருந்தன. "இடம் மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "இல்லையில்லை, நீங்கள் இருங்கோ" என்று அன்பாகச் சொல்லிவிட்டு மறுபடி என் தலைக்கு மேல் பேசினார்கள். பூசணிக்காய்க் கறி அருமை. ஆனாலும் அவ்வளவு கூட்டத்தில் அவ்வளவு தனியாக நான் இதற்கு முன் சாப்பிட்டதில்லை. கண் கலங்கியது. இந்த முறை உறைப்பு காரணமில்லை.

ஐந்தாம் நாள் நெடுந்தீவு. ஒரு ராத்திரி தங்கி மறுநாள் திரும்புவதாகத் திட்டம். கதவைப் பூட்டுமுன், ஊருக்குப் போகும்போது எப்போதும் செய்வதைப் போல மெயின் சுவிட்சை அணைத்தேன். எங்கள் வீட்டில் அம்மா காலத்துப் பழக்கம். கை தானாகப் போயிற்று. கமராவும் அந்தக் கரண்டில்தான் ஓடுகிறது என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

படகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடியது. சோளகக் காற்று தொடங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று. எனக்கு எதிரே ஒரு மாதா படம், ஒரு பிள்ளையார் படம். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தேன். நெடுந்தீவில் மதில்களையெல்லாம் பவளக்கல்லால் அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் கிடையாது, சீமெந்தும் கிடையாது, வெறும் அடுக்கு. வெட்டவெளியில் எலும்பு தெரிகிற குதிரைகள் நின்றன. யாருடைய குதிரைகளும் இல்லை. கிட்டப் போனால் நாலடி நகர்ந்து நின்று நம்மைப் பார்க்கின்றன. ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் அறை கிடைத்தது. அவர் உப்புக் கரிக்காத தண்ணீர் ஒரு குடம் கொடுத்து, "இது குடிக்க மட்டும்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மறுநாள் திரும்பும் படகில் ஏறினேன். அரை மணி நேரத்தில் அலை படகுக்குள் குதித்தது. ஒரு பெண் என் தோளில் சாய்ந்து வாந்தி எடுத்தாள், மன்னிப்புக் கேட்டாள், மறுபடி எடுத்தாள். ஓட்டி ஒன்றும் சொல்லாமல் படகைத் திருப்பினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நம் ஊரில் பேருந்து பத்து நிமிஷம் நின்றாலே நடத்துநரின் வம்சத்தை இழுப்பார்கள். இங்கே எல்லோரும் வந்த வழியே இறங்கி, ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்குத்தான் போக வீடில்லை. டீச்சர் என்னைப் பார்த்ததும், "எனக்குத் தெரியும், உலை வைச்சிட்டன்" என்றார்.

அடுத்த நாளும் படகு இல்லை. நெடுந்தீவில் போன் எங்கேயாவது ஒரு மூலையில்தான் எடுக்கும். பவளக்கல் மதில்மேல் ஏறி நின்று பார்த்தால் எட்டு அழைப்புகள் விட்டுப்போயிருந்தன, எல்லாம் ஒன்று என்று தொடங்கும் நீளமான வெளிநாட்டு எண். என்னை வெளிநாட்டிலிருந்து யார் கூப்பிடப்போகிறார்கள்? உள்நாட்டிலிருந்தே ஆளில்லை. ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு செய்து அந்த எண்ணைத் தடை செய்தேன். பிறகு குதிரைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் அவை நகர்வதை நிறுத்திவிட்டன.

எட்டாம் நாள் காலை கடல் இறங்கிக் கொடுத்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடை வாசலில் குணம் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன அக்கா நீங்கள், திறப்பையும் கொண்டு போயிட்டியள், போனையும் எடுக்கேல்லை. கமரா நிண்டுபோச்சு. அந்த மனுசன் நித்திரையில்லாமல் எனக்குப் போன் எடுத்தவண்ணம். உங்கடை நம்பரையும் வாங்கினவர். வீட்டுக்கு ஆரையாவது அனுப்பவோ எண்டால், வேண்டாம், வீடு கிடக்கட்டும் எண்டுறார். பிறகு என்ன வேணும் எண்டால் சொல்லுறாரில்லை."

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்று காலை அவர் அக்காவைப் பார்க்கவில்லை. அது என் கை செய்த வேலை. அந்த உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்தபடி ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பூமணி அக்கா என் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என்னைத்தான் பார்த்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது.

"அவன் எடுத்தவன்" என்றார்.

"யாரு?"

"அவன்தான். முந்தநாள் காலமை கூட்டிப்போட்டு வாறன், போன் அடிக்குது. ஆர் எண்டு கேட்டால், 'நான்தான்' எண்டான். பதினொரு வருசத்துக்குப் பிறகு 'நான்தான்' எண்டுறான். கமரா வேலை செய்யேல்லை, நீ சுகமோ எண்டு கேட்டான். பாக்கிறதுக்கு நான் என்ன படமோ எண்டு கேட்டன். அதோடை தொடங்கினதுதான். ஒரு மணித்தியாலம்."

"என்ன பேசுனீங்க?"

"வேறை என்ன? ஒண்டரை அடி. நல்ல சண்டை." அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "நேற்றும் எடுத்தவன். இண்டைக்கும். மதிலிலை ஒரு பொட்டு வெட்டித் தாறானாம். மதிலை இடி, பிறகு பொட்டைப் பற்றிக் கதைப்பம் எண்டிட்டன். ஆனால் என்ரை மனிசனைக் கள்ளன் எண்டது பிழை எண்டு இண்டைக்குச் சொன்னவன். வேலி தன்ரை பாட்டில அரக்கும் எண்டான். பூவரசு பருக்கும்தானே."

நான் அவசரமாகக் கேற்றைத் திறந்தேன். "முதல்ல மெயினைப் போடுறேன்க்கா. பாவம், அவர் மூணு நாளா..."

அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "மெயினைப் போடும். அந்தக் கமரா வயரை மட்டும் கழட்டிவிடும்."

புரியாமல் பார்த்தேன்.

"கமரா ஓடினால் அவன் பாத்துக்கொண்டிருப்பான், பிள்ளை. போன் எடுக்கமாட்டான்."

கழற்றிவிட்டேன். செய்யக் கூடாத ஒன்றைச் செய்கிறோமோ என்றுதான் இருந்தது. பார்த்தால்தான் படுப்பேன் என்று சொன்ன மனிதரிடமிருந்து அந்தக் காட்சியை இந்த முறை தெரிந்தே எடுத்தேன். தடை செய்த எண்ணை விடுவித்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், தீவில் மாட்டிக்கொண்டேன், மன்னியுங்கள் என்று. ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார். போனிலும் முதலில் இருமினார்.

"அண்ணா, கமராவைப் பத்தி..." என்று இழுத்தேன். பொய் சொல்வதா உண்மை சொல்வதா என்று அதுவரை முடிவு செய்திருக்கவில்லை.

"அது பழுதுதானே" என்றார் அவசரமாக. "பழுதாத்தான் இருக்கும். குணத்திட்டைச் சொல்லாதையுங்கோ, அவர் உடனே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து திருத்திப்போடுவார். ஆறுதலா, மெதுவாப் பாப்பம்."

"சரிங்க."

"அக்கா கேட்டாலும், பழுது எண்டே சொல்லுங்கோ."

சரி என்றேன். நூலகத்தில் முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த அனுபவம் இப்படி ஒரு நாள் கைகொடுக்கும் என்று யார் கண்டார்கள்.

மிச்சம் இருந்த இரண்டு நாளும் காலையில் இருமல் கேட்கவில்லை. படியில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் அக்காவின் குரலைக் கேட்டேன். உறுதி என்கிற காணிப் பத்திரம், ஓலை, பூவரசு, அம்மா, ஒன்றரை அடி. எனக்கு அவர்கள்மேல் சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்தே வந்தன. இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே குரலும் போய்விட்டது. கடற்கரைக்குப் போய் நாவலை முடித்தேன். முடிவு நினைவில்லை.

பத்தாம் நாள் கிளம்பினேன். அக்கா முந்தின நாளே வழிக்கென்று புட்டும் சம்பலும் பொட்டலம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் குசினியில் அதைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவன் சரியான வருத்தக்காரன், என்ன?"

நான் கட்டுவதற்கு நூலை எடுத்து நீட்டினேன்.

"குரலிலை தெரியுது. மூச்சு வாங்குது. இடைக்கிடை ஆரோ ஊசி குத்த வாற சத்தம் கேக்குது. நான் கேக்கேல்லை."

"ஏன்க்கா கேட்கல?"

"கேட்டால் சொல்லுவான். சொன்னால் பிறகு நான் அவனோடை சண்டை பிடிக்க ஏலாது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சண்டை பிடிக்காட்டில் அவன் தனக்கு முடியப்போகுது எண்டு நினைச்சுப்போடுவான்."

அப்போது போன் அடித்தது. அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினார். எடுத்த எடுப்பிலேயே, "என்ன, உறுதியைத் தேடி எடுத்தனியோ?" என்று குரலை உயர்த்தினார். பொட்டலத்தை நானே எடுத்துக்கொண்டேன். போய்வருகிறேன் என்று சைகை காட்டினேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் கன்னத்தை ஒருமுறை தொட்டார், தலையை ஆட்டினார், திரும்பிக்கொண்டார்.

பையை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றேன். பஸ் வர நேரமிருந்தது. மதிலுக்குப் பின்னால் அக்கா கத்திக்கொண்டிருந்தார்: "உனக்கு என்ன தெரியும், நீ அப்ப சின்னப்பிள்ளை." பிறகு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அக்கா சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி கத்தினார்.

என்னோடு யாரும் சண்டை போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பஸ் வந்து நின்று, நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்டும், எனக்கு நினைவுக்கு வரவில்லை.